முருங்கன் பக்கம் முடிதுறக்கப் போனேன்

மெல்பேர்னில் நான் அரசர் வேண்டாம் என்கிற கட்சி. அங்கே போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அதே கட்சிதான். சில்லறை எடுக்கும்போதெல்லாம், எங்கோ கடல் கடந்து ஒரு மாளிகையில் இருக்கிறவருடைய தலை என் உள்ளங்கையில் கிடக்கும். அதைப் பார்த்தாலே எனக்குச் சினம் வரும். பிறந்ததைத் தவிர வேறு தகுதி இல்லாத ஒருவர் எப்படி ஒரு நாட்டுக்குத் தலைவராக இருக்கலாம்? இதை நான் கலியாண வீட்டிலும் கேட்பேன், செத்த வீட்டிலும் கேட்பேன். என்னைக் கண்டால் சிலர் சாப்பாட்டுத் தட்டோடு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள்.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு சிம்மாசனம் வந்து சேர்ந்தது.

பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். மன்னார் மாவட்டத்தில், முருங்கனில் இறங்கி வயல்களுக்கு ஊடாகப் போக வேண்டிய ஒரு சின்ன ஊர். (பெயரை எழுதினால் சண்டை பிடிக்க மெல்பேர்ன் வரைக்கும் வந்துவிடுவார்கள். வேண்டாம்.) அங்கே குளக்கட்டோடு ஒரு பிள்ளையார் கோயில். அந்தக் கோயிலுக்கு அப்பாவின் குடும்பம் பரம்பரை எசமான். கோயிலை உண்மையில் நடத்துவது ஊரார் தெரிவு செய்கிற சபை. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் உண்டு. சாமி வீதி சுற்றும்போது முன்னால் நடப்பதைத் தவிர எசமானுக்கு இரண்டே வேலை. திருவிழாவின் முதல் நாள் குருக்கள் எல்லோர் முன்னாலும் "திருவிழா நடத்த உத்தரவுண்டோ?" என்று கேட்பார். எசமான் "நடக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். பூசை முடிந்ததும் தேங்காய், வெற்றிலை, பழம் எல்லாம் வைத்து மரியாதைத் தட்டு கொடுப்பார்கள். அதற்குக் காளாஞ்சி என்று பெயர். முதல் காளாஞ்சியை எசமான் வாங்க வேண்டும், இரண்டாவதுதான் சபைத் தலைவருக்கு. அவ்வளவுதான். "நடக்கக் கூடாது" என்று சொல்கிற அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஆஸ்திரேலியாவுக்கு அரசர் எப்படியோ, அந்தக் கோயிலுக்கு எசமான் அப்படி.

எசமானாக இருந்த பெரியப்பா பிள்ளைகள் இல்லாமல் இறந்துபோனார். மிஞ்சிய ஒரே ஆண் வாரிசு நான். சாவுத் துடக்கு என்று சொல்லிப் போன வருடம் திருவிழாவை விட்டுவிட்டார்கள். இந்த வருடமும் "நடக்கட்டும்" சொல்ல ஆளில்லாவிட்டால் திருவிழா இல்லை. நான் போன் எடுத்து, எனக்கு இந்தப் பதவி வேண்டாம், விட்டுவிட்டேன் என்று சொன்னேன். போனில் விட முடியாதாம். திருவிழாவுக்கு முந்தின நாள் கூட்டத்தில், பிள்ளையாருக்கும் சபைக்கும் முன்னால் நேரில் நின்று வாயால் சொல்ல வேண்டுமாம்.

"அரசன் வேண்டாம் எண்டு ஊரெல்லாம் கத்திக்கொண்டு திரிஞ்ச மனுசன், இப்ப முடி சூடப் போறார்" என்றாள் மனைவி.

"சூட இல்லை, துறக்கப் போறன்."

"ரெண்டுக்கும் டிக்கெட் ஒரு விலைதானே?"

கொழும்பில் பஸ் ஏறினேன். கொழும்பில் வளர்ந்தவன் என்பதால் சிங்களம் எனக்கு நன்றாக விளங்கும். பின் ஆசனத்தில் இரண்டு மீன் வியாபாரிகள் நாட்டு நடப்பைப் பிய்த்து உதறிக்கொண்டிருந்தார்கள். "வந்த சனாதிபதிகள் எல்லாரையும் பார்த்தாயிற்று. இங்கிலாந்து மகாராணியை அனுப்பியதுதான் நாங்கள் செய்த பிழை. ராணி இருந்த காலத்தில் பால்மாவுக்கு வரிசை இருந்ததா?" என்றார் ஒருவர். "ராணி இருந்த காலத்தில் நீ பிறக்கவே இல்லையே" என்றார் மற்றவர். "அதுதான் சொல்கிறேன். அந்த நல்ல காலத்தை நான் பார்க்கக்கூட இல்லை." திரும்பி அவரோடு ஒரு விவாதம் வைக்க எனக்கு நாக்கு துடித்தது. இலங்கை, ராணியை அனுப்பிவிட்டுக் குடியரசாகி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. எங்களால் அங்கே இன்னும் முடியவில்லை. வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

முருங்கன் வந்ததும் எழுப்பிவிடுவதாகக் கொண்டக்டர் சத்தியம் செய்திருந்தார். நான் கண் விழித்தபோது பஸ்ஸின் இரண்டு பக்கமும் கடல். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. மன்னார்த் தீவுக்குப் போகிற பாலத்து வழியில் போய்க்கொண்டிருந்தோம். முருங்கன் எப்போதோ பின்னால் போய்விட்டது. கொண்டக்டரைத் தேடினேன். அவர் முன் ஆசனத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிம்மாசனத்துக்கு முன்னால் போய் நிற்பது ஒருநாள் தள்ளிப்போனதில் எனக்கு அப்படி ஒரு ஆறுதல்.

மன்னார் பஸ் நிலையத்தில் ஓட்டோக்காரர் ஒருவர் என் பையை வாங்கிக்கொண்டார். பெயர் மரியதாஸ், தோட்டவெளி ஆள், நாற்பது வயதிருக்கும். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இண்டைக்கு இனி ஓடி என்ன செய்யப் போறியள் அண்ணை? கூட்டம் நாளைக்குப் பின்னேரம்தானே? சாப்பிட்டுப் படுங்கோ, விடியக் கொண்டுபோய் விடுறன்."

மெல்பேர்ன் தெருக்களில் டிராமுக்கு இருக்கிற உரிமை மன்னார் நகரத்தில் கழுதைகளுக்கு இருக்கிறது. ஒரு கழுதை நடுத்தெருவில் நின்றது. மரியதாஸ் ஹோர்ன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அது யோசித்து முடிக்கும் வரைக்கும் நின்றார். பிறகு என்னைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். அவருடைய மனைவி சுடச்சுடப் புட்டும் நண்டுக் கறியும் வைத்தார். மெல்பேர்னில் நண்டு சாப்பிடுவதற்கென்று சின்னக் குறடெல்லாம் தருவார்கள். இங்கே பல்லும் பொறுமையும் போதும். மூன்றாவது தரம் கறி கேட்டபோதுதான் மானம் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது.

சாப்பாட்டுக்கு மேல் என் முடிதுறப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. மரியதாஸ் கத்தோலிக்கர். அவர்களும் தங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள்.

"எங்கடை கோயில்ல இந்தக் கரைச்சல் இல்லை அண்ணை. பங்குச் சுவாமியாரை ஆயர் அனுப்புவார், சில வருசத்தில மாத்துவார். நல்லவர் எண்டா அழுதுகொண்டு அனுப்புவம். கூடாதவர் எண்டா மாலை போட்டு அனுப்புவம். ஆனா அனுப்புறது அனுப்புறதுதான். பரம்பரை எண்டு வர அவருக்குப் பிள்ளைகுட்டியும் இல்லைத்தானே?"

"பாத்தியளோ, இதைத்தான் நான் அங்க கத்திக்கொண்டிருக்கிறன்!" என்று நான் கையை உயர்த்தினேன். நண்டுக் குழம்பு சட்டையில் சிந்தியது.

அடுத்த நாள் விடியவே பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்தோம். முருங்கனில் ஒரு கடையில் பிளேன் டீ குடித்தோம். கடைக்கு முன்னால் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள் வரிசையாக நின்றன. அதற்குப் பிறகு அறுத்து முடித்த வயல்கள், அதற்குப் பிறகு குளம், அதன் கட்டில் பிள்ளையார். சின்னக் கோயில்தான். உள்ளே போய்க் கும்பிட்டேன். கருவறைக்கு நேர் எதிரே கல்லில் செய்த எலி வாகனம், எண்ணெய் பட்டுப் பட்டுக் கன்னங்கரேல் என்று இருந்தது.

சபையின் தலைவி செல்வராணி வந்தார். நாற்பத்தைந்து வயது, உரத்த குரல். பல வருடங்களுக்கு முன் கலவரத்துக்குப் பயந்து மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. அந்தத் தெரு ஆட்கள் இன்றைக்கும் மேல் தெருக்காரருடைய வயலில்தான் கூலிக்கு நிற்கிறார்கள். கோயிலில் நின்று ஊராரோடு பேசும்போது செல்வராணி "வாங்கோ, இருங்கோ" என்று வன்னிக்காரியாகவே பேசினார். தன் வீட்டு வாசலைத் தாண்டியதும் "வாங்க ஐயா, ஒக்காருங்க" ஆகிவிட்டது. ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்தார். உறைப்பில் எனக்குக் காது அடைத்தது. காது அடைத்திருந்த நேரம் பார்த்துத்தான் அவர் அதைச் சொன்னார்.

"ஐயா, நீங்க எசமானா இருக்கணும். விட்டுறாதீங்க."

சரியாகக் கேட்டேனா என்று எனக்குச் சந்தேகம். ஊரிலேயே என் பக்கம் நிற்கப் போகிறவர் இவர் என்று எண்ணியிருந்தேன்.

"தங்கச்சி, பிறப்பால வாற மரியாதை பிழை. அதை நான் வந்து உங்களுக்குச் சொல்ல வேணுமோ?"

"பிழைதான். எங்களுக்குத் தெரியாததா? கோயில் கெணத்துல தண்ணி அள்ள எங்கப்பா எத்தனை காலம் தள்ளி நின்னாரு தெரியுமா?" அவர் குரல் ஏறியது. பிறகு இறங்கியது. "ஆனா நான் எப்பிடித் தலைவியானேன்னு யோசிங்க. அந்தக் கதிரையில வேலை மட்டுந்தான் இருக்கு. மரியாதை எல்லாம் உங்க வீட்டுக்குப் போயிரும். ரெண்டாவது காளாஞ்சிக்காக மேல் தெருவுல யாரும் கஷ்டப்பட மாட்டாங்க. அதனாலதான் என்னைய விட்டாங்க. இப்ப நீங்க விட்டீங்கன்னா முதல் காளாஞ்சி தலைவருக்குன்னு ஆயிரும். அப்புறம் பாருங்க, புதுசாத் தேர்தல் வையின்னு அத்தனை பேரும் வந்து நிப்பாங்க."

"வரட்டுமே. போட்டியிடுங்கோ."

"தோத்துருவேன் ஐயா. தோத்தா, சாமி எங்க தெருவுக்கு வராது."

அதுதான் விடயம். திருவிழாவில் பிள்ளையார் மேல் தெருவை மட்டும் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பிவிடுவார். பின்தெருவுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. செல்வராணி தலைவியாக வந்து, சபையோடு மல்லுக்கட்டி, அடுத்த திருவிழாவில் சாமி பின்தெருவுக்கும் வரும் என்று தீர்மானம் எடுக்க வைத்திருந்தார். போன வருடம் திருவிழாவே நடக்கவில்லை. ஆகவே இதுதான் முதல் தரம். புதுத் தலைவர் வந்தால் அந்தத் தீர்மானம் காற்றில் போகும்.

மெல்பேர்னில் என்னோடு வேலை செய்த ஓர் ஆங்கிலேயர் இதையேதான் சொல்வார். அந்தக் கதிரையில் வேறு யாரும் போய் உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் அரசர் செய்கிற சேவை என்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அதே வாதத்தைக் கட்டச் சம்பலோடு, அதுவும் அந்தக் கதிரையால் காலம் காலமாகத் தள்ளி நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணின் வாயால் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது. என் கொள்கையைக் காப்பாற்றப் போய் இந்தத் தெருவின் வயிற்றில் அடிக்கப் போகிறேனோ?

வெளியே ஓட்டோவில் சாய்ந்து கிடந்த மரியதாஸிடம் போய்ப் புலம்பினேன்.

"அப்ப எசமானா இருங்கோவன். வருசா வருசம் வருவியளோ?" என்று கேட்டார்.

"ஏலாது."

"உங்களுக்குப் பிறகு மகன் வருவாரோ?"

என் மகனுக்குப் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் வித்தியாசம் தெரியும் என்பதையே நான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன்.

"இல்லாத எசமானை நம்பி அந்த மனுசி எத்தினை நாளைக்கு இருக்கிறது? நீங்கள் வராத வருசம் திருவிழாவும் இல்லை, தெருவும் இல்லை" என்றார் மரியதாஸ்.

பின்னேரம் கோயில் மண்டபத்தில் கூட்டம். எல்லோருக்கும் பிளாஸ்டிக் கதிரை, எனக்கு மட்டும் கை வைத்த மரக் கதிரை. அதில் நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். எசமான் பதவியை விடுகிறேன். எனக்குப் பிறகும் என் வீட்டில் யாரும் உரிமை கேட்டு வர மாட்டார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், முதல் காளாஞ்சியைத் தலைவர் பதவியோடு சேர்த்துவிடாதீர்கள். செல்வராணி தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரைக் கைவிட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருப்பார்.

மேல் தெருச் சிற்றம்பலம் எழும்பினார். பெரிய வயல்காரர், பெரிய மீசை. "தலைவருக்கு இல்லையெண்டா ஆருக்கு? தலைவருக்குத்தான் முறை. ஆனா இவ்வளவு பெரிய மரியாதை எண்டா, தலைவரைப் புதுசாத் தெரிவு செய்ய வேணும்."

செல்வராணி சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. தலைவராக வரத் தான் தயார் என்று சிற்றம்பலம் தன்னடக்கத்தோடு தெரிவித்தார். உடனே அவருடைய மச்சான் கனகசபை எழும்பினார். "உம்மைவிட வயசில மூத்தவன் நான் இருக்கிறன்." இருவரும் ஒருவருடைய தாத்தாவின் களவுகளை மற்றவர் எடுத்து விரித்தார்கள். மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. பின்தெரு ஆட்கள் ஓரத்தில் பேசாமல் இருந்தார்கள்.

எனக்கு இந்தக் கூத்து ஏற்கெனவே பழக்கம். முன்பொருமுறை ஆஸ்திரேலியாவில் நாட்டு மக்களையே கேட்டார்கள், ராணி வேண்டுமா வேண்டாமா என்று. வேண்டாம் என்று வாக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். தோற்றோம். ராணிமேல் சனத்துக்கு இருந்த பாசம் மட்டும் காரணமில்லை. புதுத் தலைவரை மக்கள் தெரிவு செய்வதா, பாராளுமன்றம் தெரிவு செய்வதா என்று வேண்டாம் என்கிற நாங்களே எங்களுக்குள் பிடுங்குப்பட்டுக்கொண்டோம். ராணி ஒன்றும் செய்யாமல் வென்றார். இங்கும் அதுதான் நடக்கப் போகிறது, கடைசியில் என்னையே பிடித்து உட்கார வைத்துவிடப் போகிறார்கள் என்று எனக்கு வியர்த்தது.

அப்போதுதான் சிற்றம்பலம் மச்சானைப் பார்த்துக் கத்தினார். "இவனுக்குக் குடுக்கிறதிலும் பாக்க, முதல் காளாஞ்சியைப் பிள்ளையாற்றை எலிக்குக் குடுங்கோ!"

"ஓம், குடுங்கோ! உனக்குப் போறதிலும் பாக்க எலி திறம்!" என்று கனகசபையும் கத்தினார்.

மண்டபம் சிரித்தது. குருக்கள் மட்டும் சிரிக்கவில்லை. தூணோடு சாய்ந்திருந்தவர் மெதுவாக எழும்பினார்.

"ரெண்டு பேரும் ஒரு விசயத்தில ஒத்துப்போய் நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். எலி எங்கள் எல்லாரிலும் பாக்கச் சுவாமிக்குக் கிட்ட இருக்கு. பரம்பரை கேக்காது, தேர்தலுக்கும் வராது. அதுக்கு முதல் காளாஞ்சி வைக்கிறதில எனக்கு ஆட்சேபம் இல்லை. சபை என்ன சொல்லுது?"

ஓரத்தில் பேசாமல் இருந்த பின்தெருக் கைகள்தான் முதலில் உயர்ந்தன. பிறகு மற்றக் கைகள். சிற்றம்பலம் மச்சானைப் பார்த்தார், மச்சான் சிற்றம்பலத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினார்கள். முதல் மரியாதை இல்லாத தலைவர் பதவியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. செல்வராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கோ பரீட்சை முடிந்த பிள்ளையைப் போல ஓடிப்போய்க் குளத்தில் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதிக்கவில்லை. மரியதாஸின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"எலி எசமானைப் பாக்காமல் நான் மன்னாருக்குப் போகமாட்டன்" என்றார் அவர்.

அடுத்த நாள் காலை திருவிழாவில் ஒரு பிசகு நடந்தது. எலியால் உத்தரவு கொடுக்க முடியாது, ஆகவே சபையோர் எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்று குருக்கள் ஒழுங்கு செய்திருந்தார். "திருவிழா நடத்த உத்தரவுண்டோ?" என்று கேட்டார். "நடக்கட்டும்!" என்று மொத்தக் கோயிலும் அதிர்ந்தது. குருக்கள் திகைத்துப்போனார். அந்தக் கேள்வியை மூன்று தரம் கேட்பதுதான் முறை. முதல் இரண்டு தரமும் எசமான் பேசாமல் நிற்க வேண்டும், மூன்றாவதுக்குத்தான் பதில். எதிர்ப்பு ஏதும் இருப்பவர்கள் சொல்லட்டும் என்று அந்த இடைவெளி. ஆனால் முன்னால் நின்ற எங்கள் குடும்பத்துக்கு மட்டும்தான் அது தெரியும். பின்னால் நின்ற சனத்துக்குக் காலம் காலமாகக் கேட்டதெல்லாம் கடைசிச் சொல்தான். குருக்கள் என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் பாவம், முறையை விடாமல் இரண்டாம் தரமும் கேட்டார். இன்னும் பலமாக "நடக்கட்டும்!" மூன்றாவதுக்குக் கோயில் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. எனக்கு மேல் சிலிர்த்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

முதல் காளாஞ்சி எலிக்கு முன்னால் வைக்கப்பட்டது. மாலை போட்டதும் எலி முழுதாக மறைந்துபோனது. சிற்றம்பலமும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் நின்று, மற்றவர் தட்டைத் தொடுகிறாரா என்று காவல் காத்தார்கள். இரண்டாவது காளாஞ்சியைச் செல்வராணி வாங்கினார். அன்னதானத்தில் பூசணிக்காய்க் கறியும் பருப்பும் பாயாசமும். மரியதாஸ் இரண்டு பந்தியில் இருந்தார். எங்கள் நண்டுக்கு இது ஈடாகாது என்று என் காதில் சொல்லிவிட்டு மூன்றாம் பந்திக்கும் எழும்பப் பார்த்தார்.

பின்னேரம், வெயில் தாழ, பிள்ளையார் வெளியே வந்தார். மேல் தெரு முடிந்தது. எப்போதும் திரும்புகிற முடக்கில் சாமியைக் காவுகிறவர்கள் ஒரு கணம் தயங்கினார்கள். செல்வராணி முன்னால் போய்க் கையைக் காட்டினார். தவில் பின்தெருவுக்குள் திரும்பியது.

ஒடுக்கமான தெரு. இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். வாசலுக்கு வாசல் ஒரு மேசை, அதில் நிறைகுடம், குத்துவிளக்கு. மேசை இல்லாத வீட்டில் வாளியைக் கவிழ்த்துச் சீலை விரித்து அதன்மேல் வைத்திருந்தார்கள். சாமிக்கு முன்னால் எசமான் நடப்பது வழக்கம். நான் நினைத்து நடக்கவில்லை, கால்கள் தாமாக என்னை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விட்டன. ஒரு வாசலில் சாமி நின்றது. நான் அதற்கு முன்னால் நெஞ்சில் கை கூப்பிக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, கொஞ்சம் விலகுங்க. சாமி தெரியல."

பின்னால் ஒரு பெண். கையில் கற்பூரத் தட்டு, இடுப்பில் குழந்தை. அவருடைய வாசலைத்தான் நான் மறைத்துக்கொண்டிருந்தேன். என்னை யார் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசரமும் இல்லை.

விலகினேன். அவர் என்னைத் தாண்டிப் போய்த் தட்டை நீட்டினார். அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுச் சனமும் நெருக்கிக்கொண்டு வந்தது. நான் வேலியோடு ஒட்டி, நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தேன். தலைகளுக்கு நடுவே பிள்ளையாரின் ஒரு காதும் பாதித் தும்பிக்கையும் மட்டும் தெரிந்தன. எனக்கு அது போதுமாக இருந்தது.